பண்டைய எகிப்து வரலாறு படிக்கத் தொடங்குகிறீர்களா? வரிசை தவறாமல் போக ஒரு வழிகாட்டி

எகிப்து மீது ஆசைப்பட்டு வருகிறவர்களில் நிறையப் பேர் ஆறே மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். ஆர்வம் வற்றிப்போய் அல்ல, தொடங்கிய இடம் சரியில்லாமல். முதலில் யூடியூபில் பிரமிடு மர்மங்கள். அடுத்து, கைக்குக் கிடைத்த மலிவுப் பதிப்பு. அதன்பின் ஒன்றோடொன்று ஒத்துவராத ஆண்டுகளும், ஒரே அரசனுக்கு மூன்று பெயர்களும். எது சரி என்று தெரியாமல் புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறார்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டிலிருந்து படிப்பவர்களை மனதில் வைத்து இந்த வரிசையை எழுதியிருக்கிறேன். தினம் முக்கால் மணி நேரம் போதும். முதல் மூன்று மாதத்துக்கு இணையமும் ஒரு தடித்த நோட்டும் தவிரச் செலவே இல்லை. நான்காவது மாதம் ஓர் இலக்கணப் புத்தகம் வாங்க வேண்டும். பயணமும் பட்டப்படிப்பும் அதற்கெல்லாம் பிறகு, விரும்பியவர்களுக்கு மட்டும்.

1. ஒரே ஓர் ஆண்டுப் பட்டியலைப் பிடித்துக்கொள்ளுங்கள் (முதல் 2 வாரம்)

இரண்டாம் ராம்சேஸ் ஆட்சிக்கு வந்தது ஒரு நூலில் கி.மு. 1279, இன்னொன்றில் 1290, பழைய நூல்களில் 1304. அச்சுப்பிழை இல்லை. எகிப்தியர்கள் தொடர் ஆண்டு எழுதவில்லை. ஒவ்வொரு அரசனுக்கும் ஒன்றிலிருந்து எண்ணினார்கள். நம் கோயில் கல்வெட்டில் இன்ன அரசருக்கு யாண்டு இத்தனை என்று வருமே, அதே முறைதான். அந்த ஆட்சிகளை வரிசையாக அடுக்கி, வானியல் குறிப்புகளோடு பொருத்திப் பார்த்துத்தான் இன்றைய ஆண்டுகளைக் கணக்கிடுகிறார்கள். கி.மு. 664-க்குப் பின் கணக்கு உறுதி. அதற்கு முன்னால் போகப் போக வித்தியாசம் கூடும். புதிய இராச்சியத்தில் 10 முதல் 25 ஆண்டு வரை விலகலாம், பழைய இராச்சியத்தில் அதைவிட அதிகம்.

ஆகவே ஒரு பட்டியலை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, எதைப் படித்தாலும் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். பலரும் பின்பற்றும் பட்டியல் 2000-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு எகிப்து வரலாற்றுத் தொகுப்பில் இருப்பது: பழைய இராச்சியம் 2686–2160, மத்திய இராச்சியம் 2055–1650, புதிய இராச்சியம் 1550–1069, பிற்காலம் 664–332, தாலமிகள் என்ற கிரேக்க வம்ச அரசர்கள் கி.மு. 30 வரை. நடுவில் விடுபட்டவை இடைநிலைக் காலங்கள். எல்லாமே கி.மு.

ஓர் உதாரணம். சிரியாவில் ஹிட்டைட்டுகளோடு நடந்த காதேஷ் போருக்கு இரண்டாம் ராம்சேஸ் புறப்பட்ட நாள் "ஆண்டு 5, ஷெமு பருவத்தின் இரண்டாம் மாதம், நாள் 9" என்று பதிவாகியிருக்கிறது. பட்டியலை மாற்றினால் போரின் ஆண்டு 1274, சுமார் 1286, சுமார் 1300 என்று தாவும். மாறாதது அந்த எகிப்தியத் தேதிதான். குறிப்பெடுக்கும்போது அதைத்தான் முதலில் எழுத வேண்டும். கி.மு. ஆண்டு பக்கத்தில், பென்சிலில்.

இதில் இரண்டு இடங்களில் சறுக்குவார்கள். ஷெமு என்றால் அறுவடைக் கோடை. ஆனால் அந்த நாட்காட்டி 30 நாள் கொண்ட 12 மாதமும் கூடுதலாக 5 நாளுமாக 365 நாள், அவ்வளவுதான். லீப் வருடம் கிடையாது. நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் நகர்ந்துகொண்டே போகும். தேதியில் ஷெமு என்று இருப்பதால் வெளியே கோடை என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது, புதிய இராச்சியத்தில் அரசன் பட்டமேறிய நாளில்தான் ஆட்சியாண்டு மாறியது, புத்தாண்டு அன்று அல்ல. ஒரே ஆட்சியாண்டில் புத்தாண்டுக்கு முந்திய மாதங்களும் பிந்திய மாதங்களும் இருக்கும்.

2. பெயர்களுக்கு ஒரு தனிப்பக்கம் (3-ஆம் வாரம்)

கூஃபுவும் கியோப்ஸும் ஒருவரே. அமென்ஹோதெப், அமெனோஃபிஸ் என்பதும் அப்படித்தான். துத்மோஸ், துத்மோசிஸ், ஜெஹுதிமெஸ் மூன்றும் ஒரே பெயர். ஒன்று கிரேக்க ஆசிரியர்கள் வழி வந்த வடிவம், இன்னொன்று எகிப்திய எழுத்திலிருந்து எடுத்தது. முதலாம், இரண்டாம், மூன்றாம் என்ற எண்கள் நம் காலத்து ஆய்வாளர்கள் போட்டவை. கல்லில் அவற்றைத் தேடினால் கிடைக்காது.

கல்லில் இருப்பவை ஐந்து பட்டப்பெயர்கள். தொடக்கத்தில் கடைசி இரண்டு போதும்: பட்டமேறும்போது சூடிய பெயர், பிறவிப் பெயர். இரண்டும் கார்ட்டூஷ் என்ற நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும். நான்கு துத்மோஸ்களை பிறவிப் பெயரால் பிரிக்க முடியாது, பட்டமேறும்போது சூடிய பெயரால்தான் முடியும். மூன்றாம் துத்மோஸ் மென்-கெப்பர்-ரெ. நான்காம் துத்மோஸ் மென்-கெப்பரு-ரெ. கல்லில் பார்த்தால் வண்டு உருவத்தோடு மூன்று சின்னக் கோடுகள் கூடுதல், அவ்வளவே. அந்தக் கோடுகளைக் கவனிக்காததால் பாட்டன் பெயரைப் பேரனுக்கும் பேரன் பெயரைப் பாட்டனுக்கும் எழுதிவிடுவார்கள்.

மென்-கெப்பர்-ரெ என்று பொறித்த வண்டு முத்திரைகளை அவர் இறந்து பல நூற்றாண்டுகள் ஆன பிறகும் காப்புக்காகச் செய்துவந்தார்கள். பெயர் இருப்பதாலேயே பொருள் அவர் காலத்தது என்று முடிவு கட்டக் கூடாது.

அரசர் பட்டியல்களையும் அப்படியே நம்ப வேண்டாம். அபிதோஸ் என்ற புனித நகரில் முதலாம் சேத்தி அரசனின் கோயிலில் 76 அரசர்களின் வரிசை இருக்கிறது. அதில் ஹத்செப்சுத் இல்லை, அக்கெநாத்தன் இல்லை, துட்டன்காமுன் இல்லை, ஆய் இல்லை. வேண்டுமென்றே விட்டது. அது முன்னோர் வழிபாட்டுக்கான பட்டியல். வரலாறு எழுத அதை யாரும் செதுக்கவில்லை.

3. இலவசமாகக் கிடைப்பதில் எதை எடுப்பது, எதை விடுவது

காப்புரிமை முடிந்த நூல்கள்தான் இணையத்தில் இலவசமாகவும், கடையில் மலிவாகவும் கிடைக்கின்றன. வாலிஸ் பட்ஜ் என்ற பழைய ஆங்கில எகிப்தியலாளர் எழுதியவை இதில் முதலிடம். அவருடைய அகராதி 1920-இல் வந்தது. எகிப்திய இலக்கணத்தைப் பற்றிய புரிதல் அதன்பின் அடியோடு மாறிவிட்டது. அவர் ஒலிபெயர்த்த முறையை இன்று யாரும் பயன்படுத்துவதில்லை. அதில் ஒரு சொல்லைப் படித்துவிட்டு இன்றைய அகராதியில் தேடினால் அகப்படாது. அங்கே தொடங்கியவர்கள் கற்றதை மறக்கவே ஆறு மாதம் ஆகும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

நம்பி எடுக்கக்கூடிய இலவசங்கள் இவை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம் நடத்தும் எகிப்தியல் கலைக்களஞ்சியம்: கட்டுரைகள் துறை வல்லுநர்கள் எழுதியவை. ஆக்ஸ்ஃபோர்டின் கிரிஃபித் நிறுவனத் தளம்: துட்டன்காமுன் கல்லறையை அகழ்ந்த ஹோவர்ட் கார்ட்டரின் கையெழுத்து அட்டைகள் அப்படியே இருக்கின்றன. கீசா பிரமிடுகளுக்கு ஹார்வர்டின் கீசா திட்டம், லக்சரிலுள்ள அரசர் பள்ளத்தாக்குக் கல்லறைகளுக்குத் தீபன் வரைபடத் திட்டம். ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை ஆன்லைனில் படிக்கலாம், டவுன்லோடு செய்ய முடியாது. பாடமாகக் கேட்க வேண்டுமென்றால் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் எகிப்து அறிமுகம் கோர்சேரா என்ற இணையப் பாடத் தளத்தில் இருக்கிறது. சான்றிதழுக்குப் பணம் கேட்கும். உங்களுக்கு அது தேவைப்படாது.

4. மொழி: ஓராண்டு, ஓர் இலக்கணம் (4-ஆம் மாதம் முதல்)

மொழி தெரியாமலும் எகிப்து வரலாறு படிக்கலாம் என்பார்கள். படிக்கலாம், ஆனால் கடைசிவரை அடுத்தவர் மொழிபெயர்ப்பை நம்பியே இருக்க வேண்டும். கொஞ்சம் எழுத்து தெரிந்தாலே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கல் உங்களிடம் பேச ஆரம்பித்துவிடும். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன்.

கற்க வேண்டியது மத்திய எகிப்திய மொழி. பெயரைப் பார்த்து மத்திய இராச்சியத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். கோயிலிலும் கல்லறையிலும் அதன்பிறகும் நெடுங்காலம் அந்த நடையில்தான் எழுதினார்கள். ஜேம்ஸ் ஆலனின் இலக்கணம் 26 பாடம். பாடத்துக்கு இரண்டு வாரம் என்றால் சரியாக ஓராண்டு. 2014-இல் வந்த மூன்றாம் பதிப்பாக வாங்குங்கள், பழைய பதிப்பில் வினைச்சொல் விளக்கம் வேறு. ஆலன் மிரட்டினால், காலியர், மேன்லி இருவரும் எழுதிய எட்டு அத்தியாய நூலை முதலில் முடிக்கலாம். அதன் பயிற்சிகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகக் கற்களை வைத்தே அமைந்தவை. கார்டினரின் பெரிய இலக்கணம் தொடக்கத்துக்கு வேண்டாம். ஆனால் அவர் எழுத்துகளுக்குப் போட்ட குறியெண்களை உலகமே பயன்படுத்துகிறது, அவற்றைக் கற்றே ஆக வேண்டும்.

முதல் வாரம் ஓரொலி எழுத்துகள் (ஒரு குறிக்கு ஒரு மெய்யொலி), ஏறத்தாழ 24. அடுத்த ஆறு வாரம் ஈரொலி எழுத்துகள் (ஒரு குறிக்கு இரண்டு மெய்யொலி), 80-க்கு மேல். கையால் எழுதிப் பழகுங்கள். திரையில் பார்த்தால் மட்டும் மனதில் நிற்காது. கணினியில் எழுத ஜேசெஷ் என்ற இலவச மென்பொருள் உண்டு.

எழுதியிருப்பதெல்லாம் மெய்யொலி, உயிரொலி கிடையாது. ந-ஃப-ர என்று இருப்பதை நெஃபெர் என்று சொல்வது வாய்க்கு வசதிக்காக. அந்தக் காலத்தில் அப்படித்தான் ஒலித்தது என்று எண்ணாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை தமிழருக்கே உரியது: எகிப்திய மொழியில் 'ஹ' போன்ற ஒலி நான்கு உண்டு. தமிழ் எழுத்தில் நோட்டு எழுதினால் நான்கும் ஒன்றாகிவிடும், பிறகு அகராதியில் எந்தச் சொல்லையும் கண்டுபிடிக்க முடியாது. புள்ளியும் கோடும் போட்ட ஒலிக்குறிகளை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள்.

படிக்கும் திசை எளிது. மனிதர், பறவை, பாம்பு எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அடிக்கடி இடறும் இடம் பறவைகள். ஆந்தை மட்டும் முகத்தை நம் பக்கம் திருப்பியிருக்கும், அது 'ம'. காடைக் குஞ்சு பக்கவாட்டில் பார்க்கும், அது 'வ'. தகைவிலான் வால் பிளந்திருக்கும், 'வெர்', பெரிய என்று பொருள். சிட்டுக்குருவியின் வால் நுனி உருண்டிருக்கும். அது வந்தால் சிறியது, கெட்டது, குறையுள்ளது என்று பொருள். வாலைப் பார்க்காமல் படித்தால் பெரியவர் சிறுமைப்பட்டுவிடுவார்.

ஆறாவது மாதத்துக்குள் ஒரு வாய்பாட்டைப் பிழையில்லாமல் படிக்க முடிய வேண்டும்: நடுகல்லிலும் சவப்பெட்டியிலும் ஆயிரக்கணக்கில் வரும் படையல் வாய்பாடு. தொடக்கம் நான்கு குறிகள்: ஒரு செடி, ஒரு சிறு ரொட்டி, பாய்மேல் வைத்த ரொட்டி, கூம்பு ரொட்டி. கார்டினர் எண்ணில் எம்23, எக்ஸ்1, ஆர்4, எக்ஸ்8. படிப்பது "ஹெதெப் தி நெசு", அரசர் அளிக்கும் படையல். செடி 'நெசு', அதாவது அரசர். கடைசியில் படிக்க வேண்டியதை முதலில் எழுதியிருப்பது மரியாதைக்காக. தெய்வத்தின் பெயருக்கும் இதே விதி. மென்-கெப்பர்-ரெ என்ற பெயரில் 'ரெ' என்ற சூரிய வட்டம் மேலே முதலாவதாக இருக்கும், படிக்கும்போது கடைசியில் வரும்.

அதை அடுத்துப் பெரும்பாலும் இறந்தோரின் கடவுளான ஒசிரிஸ் பெயர், அபிதோஸின் தலைவன் என்ற பட்டம். பின்பு அவர் கொடுக்கப்போகும் பொருள்கள்: ரொட்டி, பீர், மாடு, கோழியினம், பளிங்குக் கலம், துணி. முடிவில் தூக்கிய இரு கைகள், அது 'கா', இறந்தவரின் உயிராற்றல். "இன்னாரின் காவுக்கு" என்று வந்து, பெயர் முடிந்ததும் "மாஅ கெரு", வாய்மை நிரூபணமானவர். இறந்தவரின் பெயர் வேண்டுமா? கைகளுக்கும் மாஅ கெருவுக்கும் நடுவில் தேடுங்கள். பதவிகளும் பெயரும் அங்கேதான் இருக்கும்.

சொல் தேட ஃபாக்னரின் சுருக்க அகராதி போதும். பெர்லினில் நடத்தும் இணையச் சொற்களஞ்சியமும் இலவசம். அதன் மொழிபெயர்ப்புகளில் பெரும்பகுதி ஜெர்மனில் இருக்கிறது. இந்தத் துறையில் ஜெர்மனும் பிரெஞ்சும் இல்லாமல் ஓரளவுக்கு மேல் நகர முடியாது என்பதை இங்கேயே உணர்வீர்கள்.

5. பொருளைப் படமாகப் பார்க்காதீர்கள், எண்ணைக் குறியுங்கள்

அருங்காட்சியகத்தில் படம் எடுத்தால் பக்கத்திலிருக்கும் எண்ணையும் சேர்த்து எடுங்கள். எண் இல்லாத படத்தை வைத்து எதையும் எழுத முடியாது. துட்டன்காமுனின் தங்க முகமூடி கெய்ரோப் பதிவேட்டில் ஜேஇ 60672, கார்ட்டரின் எண் 256ஏ. அந்த 256ஏ-யை கிரிஃபித் தளத்தில் கொடுத்தால் அகழ்ந்தபோது எழுதிய அட்டையும் ஹாரி பர்ட்டன் எடுத்த படமும் வரும். ஓர் எண் உங்களை நேராக மூலத்துக்கே கூட்டிப்போகும். பதிவில் "வாங்கப்பட்டது" என்று இருந்தால் எங்கே கிடைத்தது என்ற தகவல் வியாபாரி சொன்னதுதான். அகழ்வில் கிடைத்த பொருளுக்கும் அதற்கும் சான்று மதிப்பில் பெரிய வித்தியாசம்.

இந்தியாவிலேயே மம்மி பார்க்க கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம், ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹால், பரோடா அருங்காட்சியகம், ஹைதராபாத் பப்ளிக் கார்டன்ஸ் மாநில அருங்காட்சியகம் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து ஒரு ராத்திரி ரயிலில் போகக்கூடியது ஹைதராபாத்.

6. தமிழ்த் தொடர்பு: எதுவரை சொல்லலாம்

செங்கடல் கரையில் பெரெனிகேயில் தமிழ் பிராமி பொறித்த பானை ஓடு கிடைத்தது, கொற்றன் என்ற பெயர் அதில் படிக்கப்பட்டது. அதே கரையிலுள்ள குசேர் அல்-கதீமில் கண்ணன், சாத்தன் பெயர்கள். பெரெனிகேயில் ஒரே சாடியில் ஏழரைக் கிலோ மிளகு. முசிறிச் சரக்கைப் பற்றிய கிரேக்கப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணம் வியன்னாவில் இருக்கிறது. இவை எல்லாம் உண்மை. ஆனால் அனைத்தும் உரோமர் ஆட்சிக்காலத்து எகிப்து, கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளை ஒட்டியவை. பிரமிடு கட்டி இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்குப் பிந்தியவை. இவற்றைக் காட்டி ஃபாரோக்களோடு, அதாவது பண்டைய எகிப்திய அரசர்களோடு, உறவு பேசினால் கட்டுரை அந்த வரியிலேயே விழுந்துவிடும்.

ஃபாரோ காலத்தைச் சேர்ந்தது ஒரு சான்று: இரண்டாம் ராம்சேஸின் மம்மி மூக்கில் இருந்த மிளகு. மிளகு வந்து சேர்ந்தது என்பதற்கு அது சான்று, தமிழர் கப்பல் நேரே போனது என்பதற்கு அல்ல. ஒலி ஒற்றுமை பார்த்துச் சொற்பட்டியல் போடுவதையும் விட்டுவிடுங்கள். எகிப்திய மொழி அரபு, ஹீப்ரு, பெர்பர் மொழிகள் அடங்கிய ஆப்ரோ-ஆசியக் குடும்பம்.

7. எகிப்துக்கு நேரில் போவதென்றால்

இலக்கணம் பாதி முடிந்த பிறகு போங்கள், காசுக்குப் பலன் இரட்டிப்பாகும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். கோடையில் லக்சரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். விசா விதி எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதைப் பொறுத்து மாறும். இந்தியர் டெல்லித் தூதரகத்திலோ மும்பைத் துணைத்தூதரகத்திலோ, இலங்கையர் கொழும்பிலோ கேட்டுவிட்டுத்தான் விமான டிக்கெட் போட வேண்டும்.

பழைய கையேடுகளில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. அவற்றின்படி எல்லாமே கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்க அருங்காட்சியகத்தில் இருக்கும். அரச மம்மிகள் 3 ஏப்ரல் 2021-இல் கெய்ரோவிலேயே ஃபுஸ்தாத் பகுதியிலுள்ள நாகரிக அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. துட்டன்காமுன் பொருள்கள் கீசாவில் 2025 நவம்பரில் திறந்த பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. துட்டன்காமுனின் உடல் மட்டும் லக்சரில் அவன் கல்லறையிலேயே. எனவே கெய்ரோவில் அருங்காட்சியகத்துக்கென்றே மூன்று தனி நாள் ஒதுக்குங்கள்.

அரசர் பள்ளத்தாக்கின் பொதுச் சீட்டில் மூன்று கல்லறை பார்க்கலாம். துட்டன்காமுன், முதலாம் சேத்தி, ஐந்தாம்-ஆறாம் ராம்சேஸ் கல்லறைகளுக்குத் தனிச் சீட்டு. முக்கிய இடங்களில் கார்டு மட்டுமே வாங்குகிறார்கள், வெளிநாட்டில் வேலை செய்யும்படி வங்கியில் முன்கூட்டியே திறந்து வையுங்கள். மாணவர் என்றால் பன்னாட்டு மாணவர் அட்டை எடுத்துப் போங்கள், சீட்டு ஏறக்குறையப் பாதி விலை.

எந்தப் பழம்பொருளையும் வாங்காதீர்கள், தரையில் கிடக்கும் பானை ஓட்டைக்கூட எடுக்காதீர்கள். 1983-ஆம் ஆண்டின் 117-ஆம் சட்டப்படி குற்றம்.

8. பட்டம் படிக்க நினைத்தால்

முதுகலைக்கு நேராக விண்ணப்பிக்கலாம் என்று எண்ணி வருடத்தை இழப்பவர்கள் அதிகம். பெரும்பாலான எகிப்தியல் முதுகலைகள் மத்திய எகிப்திய மொழியை ஏற்கெனவே படித்திருக்கக் கேட்கும். மேலே சொன்ன ஓராண்டு உழைப்பு இங்கேயும் கைகொடுக்கும், ஆனால் தனியாகப் படித்ததை ஏற்பார்களா என்பதை ஒவ்வொரு துறைக்கும் மின்னஞ்சல் எழுதி, பதிலைச் சேமித்து வைத்துக்கொண்ட பிறகே கட்டணம் கட்டுங்கள். கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில வழியில் படிக்கலாம். பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு, லிவர்பூல் இருக்கின்றன, வெளிநாட்டவர் கட்டணம் கனமானது.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஹைடல்பெர்க், டூபிங்கன் இருக்கும் பாடன்-வூர்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. பாடம் ஜெர்மனில் நடக்கும், ஆகவே பொதுவாக ஜெர்மன் மொழித் தேர்வுகளில் டிஎஸ்ஹெச்-2 அல்லது டெஸ்ட்டாஃப் நான்காம் நிலை கேட்பார்கள். அந்த நிலைக்கு வர இரண்டு ஆண்டாவது பிடிக்கும்.

இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் சான்று (உங்கள் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தருவது) கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக விண்ணப்பித்தால் முதல் பல்கலைக்கழகத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து 30 யூரோ. விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் அளவோடு மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) ஓராண்டுச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது, விண்ணப்பிக்கும்போது மாறியிருக்கிறதா பாருங்கள். குளிர்காலப் பருவத்துக்குக் கடைசி நாள் பெரும்பாலும் ஜூலை 15. பருவவாரி மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் கையில் இருந்தால் ஏபிஎஸ் விண்ணப்பத்தை ஜனவரியிலேயே அனுப்பிவிடுங்கள். ஒரு பட்டியல் குறைந்தாலும் திரும்பக் கேட்பார்கள், அதைப் பல்கலைக்கழகத்திலிருந்து வாங்குவதற்குள் ஜூலை ஓடிவிடும்.